சூடோமோனாஸ் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூஞ்சாண நோய்களுக்கு எதிராகச் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்னும் மண் பாக்டீரியாவைப் பெருக்கிக் கொடுக்கும் சிறு கூடங்கள் சிலவற்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே புதியவர்களும் செய்வதைக் கண்டதால் இதை எழுதுகிறேன். ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலனில், கிருமி நீக்காத ஊடகம் (பாக்டீரியா வளரும் சத்துக் கரைசல்), கழுவாத கை ஆகியவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

குடுவையிலிருந்து குடுவைக்கு மாற்றிக்கொண்டே போவது

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. வாங்கிய ஒரே குழாய்த் தாய்க் கல்ச்சரை, அதாவது பெருக்கத் தொடங்கும் மூல பாக்டீரியாவை, கிங்ஸ் பி என்னும் ஊடகத்தில் வளர்த்து, அடுத்த வாரம் அந்தக் குடுவையிலிருந்தே சிறிது எடுத்துப் புதியதில் விட்டு, இப்படியே ஒரு சம்பாப் பருவம் முழுவதையும் ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்தில் குடுவை நன்றாகக் கலங்கியது. புற ஊதா விளக்கின் கீழ் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தது. செல் எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் அந்தப் பாக்டீரியாவை டால்க் என்னும் மாவுக்கல் பொடியில் கலந்து நான் விற்ற தூளை வாங்கிய விவசாயிகள், நெல்லின் இலையுறைக் கருகல் நோய் அடங்கவே இல்லை என்று வந்து நின்றார்கள். 200 கிலோ தூளைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகே, உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் ஊடகம் ஊற்றிய தட்டில் ஒருபுறம் அந்த நோயை உண்டாக்கும் ரைசோக்டோனியா பூஞ்சாணத்தையும் மறுபுறம் எங்கள் பாக்டீரியாவையும் வைத்துப் பார்த்தேன். சில நாள்களில், இருக்க வேண்டிய தெளிவான இடைவெளி சிறிதும் இன்றி, வெளிறிய பழுப்பு இழைகள் பாக்டீரியாக் கோட்டின் மீதே ஏறிப் படர்ந்திருந்தன.

காரணம் எளிது. பூஞ்சாணத்தைத் தடுக்கும் டைஅசிட்டைல் ஃப்ளோரோகுளூசினால் போன்ற பொருள்களைச் சுரப்பதற்கான கட்டுப்பாடு காக்-எஸ், காக்-ஏ என்னும் இரு மரபணுக்களின் கையில் உள்ளது. சத்து மிகுந்த ஊடகத்தில் எதிரியே இல்லாததால், இவை பழுதான செல்கள், சுரப்புக்குச் செலவிட வேண்டிய ஆற்றலையும் வளர்ச்சிக்கே பயன்படுத்தி, ஒவ்வொரு குடுவை மாற்றத்திலும் பெருகிக் குடுவையையே பிடித்துக்கொள்கின்றன. நாம் நம்பியிருக்கும் ஒளிர்வோ, இரும்பைப் பற்றும் பயோவெர்டின் நிறமியால் வருவது; பழுதான செல்களும் அதைச் சுரக்கக்கூடும்.

ஆகவே தாய்க் கல்ச்சர் கைக்கு வந்த நாளிலேயே, 20 சதவீதக் கிளிசராலில் சிறு குப்பிகளாகப் பிரித்து உறைய வையுங்கள். −80 டிகிரி வசதி இருந்தால் நல்லது. ஒவ்வொரு தொகுதியையும் புதுக் குப்பியிலிருந்து தொடங்குங்கள். தட்டுச் சோதனையில் இடைவெளி தெரியாத தொகுதியை, எவ்வளவு செழிப்பாக வளர்ந்திருந்தாலும், டால்க்கில் கலக்காதீர்கள்.

குடுவையை நிரப்புவது

இது காற்றை நம்பி வாழும் உயிர். 250 மில்லி குடுவையில் 50 மில்லி ஊடகம் போதும், குடுவையைக் குலுக்கும் ஷேக்கரை நிறுத்தாதீர்கள்.

37 டிகிரி இன்குபேட்டர்

28 டிகிரியில் வையுங்கள்.

தாமிரப் பூஞ்சாணக்கொல்லியுடன் கலந்து கொடுப்பது

தாமிரம் பாக்டீரியாவையும் கொல்லும். வாங்குபவரிடம் இதைச் சொல்லியே தூளைக் கொடுங்கள்.

டால்க் கலவையை வெயிலில் உலர்த்துவது

கூடாது. நிழலில் மட்டும்.