கப்பிக்கும் நிறை உண்டு: சுழற்சிக் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் கப்பி இரண்டு முறை வருகிறது. முதலில் இயக்க விதிகள் பாடத்தில், நிறையே இல்லாத கப்பியாக. அங்கே அதற்குக் கயிற்றின் திசையைத் திருப்பிவிடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே இழுவிசை என்று எழுதிப் பழகிவிடுகிறோம். அப்புறம் திண்மப் பொருட்களின் சுழற்சிக்கு வரும்போது அதே கப்பி நிறையோடும் ஆரத்தோடும் வந்து நிற்கிறது. படம் அச்சு அசலாகப் பழைய படம்தான். கையும் பழைய சமன்பாட்டையே எழுதிவிடுகிறது. இந்த வகைக் கணக்குகளில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 4 கிலோ நிறையும் 0.1 மீட்டர் ஆரமும் கொண்ட திண்ம வட்டுக் கப்பி. ஒரு பக்கம் 4 கிலோ, மறுபக்கம் 2 கிலோ தொங்குகிறது. கயிறு வழுக்கவில்லை, அச்சில் உராய்வு இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி².

இரண்டு பக்க இழுவிசையும் சமம் என்று வைத்தால் கப்பியின் மேல் நிகரத் திருப்புவிசை (சுழற்றும் விளைவு; இங்கே இழுவிசை × ஆரம்) பூச்சியம். அப்படியானால் அதற்குக் கோண முடுக்கமே இருக்கக் கூடாது. ஆனால் வழுக்காத கயிறு முடுக்கத்தோடு ஓடும்போது கப்பியும் கூடவே முடுக்கத்தோடு சுழன்றாக வேண்டும். ஆகவே இரண்டு இழுவிசைகளும் வேறுவேறு. சமன்பாடுகளும் மூன்று: தொங்கும் ஒவ்வொரு நிறைக்கும் ஒன்று, கப்பிக்கு ஒன்று. இவற்றைக் கட்டிவைப்பது, கயிற்றின் முடுக்கம் = ஆரம் × கோண முடுக்கம் என்ற நிபந்தனை.

வட்டின் நிலைமத் திருப்புத்திறனை (சுழற்சியில் நிறையின் இடத்தைப் பிடிக்கும் அளவு; சீரான வட்டுக்கு ½ × நிறை × ஆரத்தின் வர்க்கம்) ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கப்பி நிறையில் பாதி, அதாவது 2 கிலோ வரும். எடைகளின் வித்தியாசம் 20 நியூட்டன். அதை 4 + 2 + 2 = 8 கிலோவால் வகுத்தால் முடுக்கம் 2.5 மீ/வி². கனமான பக்கத்தில் இழுவிசை 4 × (10 − 2.5) = 30 நியூட்டன், லேசான பக்கத்தில் 2 × (10 + 2.5) = 25 நியூட்டன். மிச்சமுள்ள 5 நியூட்டன்தான் கப்பியைச் சுழற்றுகிறது. கப்பியின் நிறையை மறந்திருந்தால் முடுக்கம் 3.33 என்று வந்திருக்கும். கொள்குறி வினாவில் அந்த விடையும் ஒரு தேர்வாக உங்களுக்காகக் காத்திருக்கும்!

கப்பி நிறையில் பாதியைச் சேர்க்கும் இந்தக் குறுக்குவழி எல்லாக் கப்பிக்கும் பொருந்தாது. அது சீரான வட்டுக்கு மட்டும். மெல்லிய வளையமாக இருந்தால் முழு நிறையையும் சேர்க்க வேண்டும். சீரான வட்டோ வளையமோ, ஒரே ஒரு ஆரம் உள்ள கணக்கில் முடுக்கத்தின் விடையில் ஆரம் மிஞ்சி நின்றால் எங்கோ பிசகிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் கப்பிச் சமன்பாட்டில் இழுவிசையை ஆரத்தால் பெருக்க விட்டுப்போயிருக்கும்.

குறிகளில் ஒரே ஒரு எச்சரிக்கை. ‘மேலே நேர்குறி’ என்று இரண்டு நிறைகளுக்கும் பொதுவாக வைக்காதீர்கள். கயிறு ஓடும் திசையை நேர்குறியாக வைத்துக்கொண்டால் ஒன்று இறங்குவதும், மற்றது ஏறுவதும், கப்பி சுழல்வதும் ஒரே குறியில் வந்துவிடும்.

அடுத்தது, இழுவிசை என்றால் தொங்கும் எடைதான் என்ற நம்பிக்கை. இது கொஞ்சம் பிடிவாதமானது. அதே வட்டில் கயிற்றைச் சுற்றி நுனியில் 2 கிலோவை மட்டும் தொங்கவிடுங்கள். இழுவிசை 20 நியூட்டன் அல்ல. 20-ஐ 2 + 2 கிலோவால் வகுத்தால் முடுக்கம் 5 மீ/வி², இழுவிசை வெறும் 10 நியூட்டன். எடைக்குப் பதிலாகக் கையால் 20 நியூட்டன் விசையில் இழுத்தால் கயிற்றின் முடுக்கம் 10 மீ/வி², சரியாக இரண்டு மடங்கு. கை இழுக்கும்போது கப்பி மட்டும் முடுக்கப்படுகிறது. தொங்கவிடும்போது அந்த 2 கிலோவும் சேர்ந்து முடுக்கப்பட வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு நிலைகளையும் அருகருகே கேட்கும் வினா தேர்வுகளில் பிரபலம்.

‘உராய்வற்ற கப்பி’ என்ற சொல்லை நிதானமாகப் படியுங்கள். அச்சில் உராய்வு இல்லையா, கயிறு ஓடும் பள்ளத்தில் உராய்வு இல்லையா? அச்சில் இல்லையென்றால் மேலே போட்ட கணக்குதான். பள்ளத்தில் இல்லையென்றால் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும், கப்பி சும்மா நிற்கும். அப்போது கப்பி எவ்வளவு கனமாக இருந்தாலும் இரண்டு பக்க இழுவிசையும் சமம், முடுக்கம் 3.33-தான்.

இந்த அமைப்பைக் கருவியாகவே செய்து 1784-ல் விவரித்த கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் அட்வுட், கப்பியின் அச்சை வேறு சில சிறு சக்கரங்களின் மேல் உட்கார வைத்தார். அச்சின் உராய்வைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. கயிறு கப்பியைப் பிடித்துச் சுழற்றத்தான் செய்தது.

விடையைச் சரிபார்க்க ஆற்றலைப் பயன்படுத்துங்கள். முதல் கணக்கில் 4 கிலோ 0.8 மீட்டர் இறங்கியதும் வேகம் 2 மீ/வி. நிலை ஆற்றலில் நிகரக் குறைவு 16 ஜூல். இரண்டு நிறைகளின் இயக்க ஆற்றல் 8 + 4 = 12 ஜூல்தான். மீதி 4 எங்கே என்று தேடினால், சுழலும் கப்பியில் இருக்கிறது.

இரண்டு ஆரங்கள் கொண்ட படிக்கப்பியில் ‘கனமானதுதான் இறங்கும்’ என்ற ஊகமும் கைவிடும். 0.2 மீட்டர் ஆரத்தில் 2 கிலோ, 0.1 மீட்டர் ஆரத்தில் 3 கிலோ, எதிரெதிர்ப் பக்கங்களில் தொங்குகின்றன என்று வையுங்கள். திருப்புவிசைகள் 4-க்கு 3 என்று நிற்பதால் இறங்குவது 2 கிலோ. கோண முடுக்கம் ஒன்றேதான், ஆனால் நேர்க்கோட்டு முடுக்கங்கள் இரண்டு. கப்பியின் நிலைமத் திருப்புத்திறன் 0.09 கிலோ மீ² என்றால் கோண முடுக்கம் 5 ரேடியன்/வி². 2 கிலோ 1 மீ/வி² முடுக்கத்தில் இறங்க, 3 கிலோ 0.5 மீ/வி² முடுக்கத்தில் ஏறும். இழுவிசைகள் முறையே 18, 31.5 நியூட்டன். இறங்கும் பக்கத்தில்தான் இழுவிசை குறைவு என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக, அச்சு தாங்கும் விசை. முதல் கணக்கில் எல்லா எடைகளையும் கூட்டி 100 நியூட்டன் என்று எழுதுவது வழக்கம். அச்சின் மேல் அழுத்துவது 30 + 25 இழுவிசையும் கப்பியின் எடை 40-ம், ஆக 95 நியூட்டன். மொத்த அமைப்பின் நிறைமையம் கீழ்நோக்கி முடுக்கமடைவதால்தான் அந்த 5 குறைகிறது. கப்பியைச் சுழலாதபடி பூட்டிவைத்து, கயிறும் வழுக்காமல் நிறைகள் அசையாது தொங்கினால்தான் 100.