பேஸ்மென்ட் சுவர் ஒழுகுகிறதா? பெயின்ட் டப்பாவைக் கடைசியாகத் திறங்கள்

பேஸ்மென்ட், அதாவது தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறையின் சுவரில் ஈரம் தெரிந்ததும் பலரும் முதலில் செய்வது, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் வாங்கி வந்து உள்பக்கம் இரண்டு கோட் அடிப்பதுதான். நானும் அடித்திருக்கிறேன், அதுவும் ஒரு முறை அல்ல. அடுத்த பெருமழைக்குப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, விரலால் தொட்டாலே தோல் மாதிரி உரிந்து வந்தது. பெயின்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவருக்கு வெளியே மண்ணில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அதன் அடிமட்டத்தில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம் இருக்கும். அது பின்னாலிருந்து தள்ளும்போது முன்னால் ஒட்டிய மெல்லிய படலம் எத்தனை நாள் தாங்கும்?

முதலில், அது ஒழுகலா வியர்வையா என்று பாருங்கள். வெளியில் புழுக்கமும் உள்ளே சுவர் குளிர்ச்சியாகவும் இருந்தால், காற்றிலிருக்கும் ஈரமே சுவரில் முத்து முத்தாகப் படியும். ஈரமான இடத்தைத் துடைத்துவிட்டு, ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் அது வியர்வை, காற்றோட்டம் கொடுத்தாலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் மெஷின் வைத்தாலோ போதும். தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் தண்ணீர் சுவர் வழியாகத்தான் வருகிறது. வெள்ளையாக உப்பு பூத்திருப்பதும் அதற்கு அடையாளம்.

அடுத்து விரிசலைப் படியுங்கள். மேலிருந்து கீழாக, நூல் மாதிரி மெல்லியதாக ஓடுவது பெரும்பாலும் கான்கிரீட் காய்ந்து சுருங்கியதால் வந்தது, அதை நீங்களே சரிசெய்யலாம். சுவரின் நடுவில் படுக்கைவாட்டில் விரிசல் ஓடி, ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சுவர் உள்பக்கம் வயிறு தள்ளியிருந்தால், வெளிமண் சுவரைத் தள்ளுகிறது என்று பொருள். அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர்தான் வர வேண்டும், யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. பிளாக் சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், ஒரு முனையில் குறுகி மறுமுனையில் அகன்ற விரிசல், 6 மி.மீ. தாண்டியது, இவையும் அப்படித்தான். சந்தேகமாக இருந்தால் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, அகலத்தையும் தேதியையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். சில மாதத்தில் அது நகர்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சரி, இப்போது குடையை எடுத்துக்கொண்டு மழை பெய்யும்போதே வெளியே போய்ப் பாருங்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் இதுதான் முக்கியம், ஆனால் யாரும் செய்வதில்லை. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, சுவரோரம் போட்ட மண் அமுங்கிப்போய் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா, பூச்செடிக்குப் பாய்ச்சும் தண்ணீர் அங்கேயே தேங்குகிறதா? குழாயை நீட்டித் தண்ணீரைச் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி விடுங்கள். சுவரோரத்தைக் களிமண் கலந்த மண்ணால் நிரப்பி, முதல் 3 மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம் வருகிற மாதிரி கெட்டிப்படுத்துங்கள். இதை மட்டும் செய்து அடுத்த மழை வரை பொறுத்திருந்து பாருங்கள், பாதி ஒழுகல் இதிலேயே நின்றுபோகிற வீடுகள் உண்டு.

அப்புறம்தான் உளி. தரையில் தண்ணீர் இருந்தால் முதலில் அந்தப் பகுதிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்துங்கள், கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடுங்கள், சிமென்ட் கையை அரித்துவிடும். விரிசல் நெடுக 2 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழத்துக்குக் கொத்துங்கள். V வடிவத்தில் கொத்தாதீர்கள், வாய் அகன்று அடி குறுகினால் அடைத்தது அப்படியே கழன்று வந்துவிடும். பக்கங்கள் நேராகவோ, முடிந்தால் உள்ளே கொஞ்சம் அகன்றோ இருக்க வேண்டும், அப்போதுதான் பிடிப்பு கிடைக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தூசி போகக் கழுவி, ஈரமாகவே விடுங்கள்.

அடைக்க ஹைட்ராலிக் சிமென்ட். இது மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், இறுகும்போது கொஞ்சம் விரியும், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும் பிடிக்கும். அதனால் வாளி நிறையக் கலக்காதீர்கள் (நான் கலந்தேன், கடைசியில் வாளியையும் சேர்த்துத் தூக்கிப் போட்டேன்). ஒரு கைப்பிடி அளவு, களிமண் பதத்தில் பிசைந்து, லேசாகச் சூடேறும்போது பள்ளத்தில் அழுத்தி, இறுகும்வரை உள்ளங்கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள், தண்ணீர் அதிகமாக வரும் இடத்தைக் கடைசிக்கு விடுங்கள். பீய்ச்சி அடித்தால் அந்த இடத்தில் ஒரு சின்னக் குழாயைச் செருகித் தண்ணீருக்கு வழி விட்டு, சுற்றிலும் அடைத்து, எல்லாம் இறுகிய பிறகு குழாயை உருவிவிட்டு ஓட்டையை ஒரே அமுக்கில் மூடுங்கள்.

ஆனால் இது மேல்வாயைத்தான் மூடுகிறது. சுவரின் முழுக் கனத்துக்கும் விரிசல் நிரம்ப வேண்டுமென்றால் இன்ஜெக்‌ஷன் செய்ய வேண்டும், அதாவது விரிசல் நெடுக வரிசையாகத் துளை வைத்து, அது வழியாகத் திரவ மருந்தை அழுத்திச் செலுத்த வேண்டும். காய்ந்த, நகராத விரிசலுக்கு எபாக்சி, அது சுவரை மறுபடி ஒட்டிவிடும். ஈரமாக இருப்பதற்கும் லேசாக அசைவதற்கும் பாலியூரித்தேன், அது தண்ணீரைத் தொட்டதும் நுரைத்துப் பெருகி இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆனால் சுவருக்குப் பலம் தராது. இரண்டையுமே கீழிருந்து மேலாகச் செலுத்த வேண்டும், அடுத்த துளையில் மருந்து எட்டிப் பார்த்த பிறகே மேலே நகர வேண்டும். உள்ளே பொந்து இருக்கும் ஹாலோ பிளாக் சுவருக்கு இது சரிப்படாது, மருந்து முழுக்க உள்ளிருக்கும் வெற்றிடத்துக்குப் போய்விடும்.

விரிசலை அடைத்த பிறகு உள்பக்கப் பூச்சு. பழைய பெயின்ட்டையும் உப்பையும் ஒட்டுமொத்தமாகச் சுரண்டுங்கள், பூச்சு வெறும் கான்கிரீட்டில்தான் பிடிக்கும். சிமென்ட் கலந்த வாட்டர்ப்ரூஃப் பூச்சை ஈரச் சுவரில் ஒரு கோட் படுக்கைவாட்டிலும் அடுத்ததை நெடுக்குவாட்டிலும் பிரஷால் தேய்த்து அடியுங்கள். கான்கிரீட் சுவரென்றால் கிரிஸ்டலின் வகை நல்லது, அது துளைகளுக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்து படிகமாக வளர்ந்து அடைக்கும். அதற்காகவே சுவரை நன்றாக நனைத்துவிட்டு அடிக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்துக் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தார்ப்பூச்சை உள்பக்கம் அடிக்காதீர்கள், அது வெளிப்பக்கத்துக்கானது.

சுவரும் தரையும் சேரும் மூலையில் தண்ணீர் ஊறினால் கதை வேறு. அடியிலிருந்து நீர்மட்டம் தள்ளுகிறது, அங்கே எதைப் பூசினாலும் பக்கத்தில் வேறு வழி தேடிக்கொள்ளும். தரையோரம் வாய்க்கால் வெட்டி, ஜல்லியில் துளைக்குழாய் போட்டு, ஒரு குழியில் சேர்த்து மோட்டாரால் வெளியேற்றுவதுதான் வழி.

நிரந்தரத் தீர்வு, வெளியே அஸ்திவாரம் வரை தோண்டி, சுவரைக் கழுவி, தண்ணீர் புகாத மெம்ப்ரேன் தாளை ஒட்டி, அடியில் வடிகுழாயும் ஜல்லியும் போட்டு மூடுவது. அங்கே தண்ணீரின் அழுத்தமே மெம்ப்ரேனைச் சுவரோடு சேர்த்து அமுக்கும். இதை ஆட்களிடம் விடுங்கள். இடுப்புக்கு மேல் ஆழமான பள்ளம் சரிந்தால் மேலே விழுவது டன் கணக்கில் மண். செய்பவர்களும் முட்டுக் கொடுத்துத்தான் இறங்குகிறார்களா, சுவர் முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டாமல் பகுதி பகுதியாகப் போகிறார்களா, அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல் இருக்கிறார்களா என்று நின்று கவனியுங்கள்.

எந்த வழியில் செய்தாலும் இரண்டு மூன்று கனமழை போகும்வரை அந்தச் சுவரை ஒட்டி அலமாரியோ அட்டைப்பெட்டியோ வைக்காதீர்கள். ஒரு இடத்தை அடைத்ததும் நாலு அடி தள்ளிப் புது ஈரம் தெரிவது சகஜம், அது கண்ணில் பட்டாக வேண்டும்.