பழைய வீட்டுல ஏசி மாட்டப் போறீங்களா? மொதல்ல கடைக்குப் போகாதீங்க

கும்பகோணத்துல எங்க தாத்தா கட்டுன வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லைன்னு நீளமா ரயில் பெட்டி மாதிரி போகும், ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டோட பொதுச் சுவர். மேல மெட்ராஸ் டெரஸ், தேக்குக் கட்டை போட்டு செங்கல் அடுக்கி சுண்ணாம்பு கொட்டுனது. இந்த வீட்டுல அம்மா படுக்குற ரூமுக்கு ஒரு ஏசி மாட்டலாம்னு ஆரம்பிச்சேன். ஏசி விலை 36,500. அதை ஓட வைக்க ஆன செலவு 38,700. தப்பா டைப் பண்ணல, ரெண்டாவதுதான் பெருசு. அதனால நான் செஞ்ச வரிசைப்படி இல்லாம, செஞ்சிருக்க வேண்டிய வரிசைப்படி சொல்றேன்.

ஸ்டெப் 1: எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க

ஒன்றரை டன் ஏசி நல்லா இழுக்குறப்ப 7, 8 ஆம்ப்ஸ் எடுக்கும். கேக்க கம்மியா இருக்கும், ஆனா அது மணிக்கணக்கா விடாம ஓடுது. எங்க வீட்டுல இருந்தது மரக்கட்டை மேல ஓடுற பழைய அலுமினிய வயரு, நடுவுல எவனோ காப்பர் வயரை முறுக்கி டேப் சுத்தி வச்சிருக்கான், பீங்கான் பியூஸ் கட்டை, எர்த் (கசியுற கரண்டை மண்ணுக்குள்ள இறக்குற வயரு) கிடையவே கிடையாது. மூணு பின் பிளக் பாயிண்ட் இருக்கு சார், ஆனா மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி வயரே இல்ல! இது பழைய வீடுகள்ல ரொம்ப சகஜம், பிளக்கைப் பாத்து ஏமாந்துடாதீங்க, தொறந்து பாக்கச் சொல்லுங்க.

அதனால ஏசிக்குன்னு தனி லைன் மீட்டர் போர்டுல இருந்தே வரணும். எங்களுக்கு மீட்டர் திண்ணையில, ரூம் கூடத்துக்குப் பின்னாடி, கிட்டத்தட்ட 25 மீட்டர். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரு, ரூமுக்குள்ள 20 ஆம்ப்ஸ் எம்சிபி (லோடு மீறுனா தானா விழுற சுவிட்ச்), பைப், கூலி எல்லாம் சேத்து 11,500. திண்ணையில பியூஸ் கட்டையைத் தூக்கிட்டு புது பாக்ஸ், 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்றது) போட்டது 3,800. கொல்லையில குழி வெட்டி கரி உப்பு போட்டு எர்த் எடுத்தது 4,500. சுவத்தை வெட்டி வயரை உள்ள புதைக்க வேணாம்னு சொல்லிட்டேன், சுண்ணாம்புக் காரையை வெட்டுனா அரை அடிக்கு வெட்டுறப்ப ரெண்டடி பேந்து வருது, வெளியில பைப்பாவே ஓடட்டும்.

அப்படியே ஈபி கார்டுல எத்தனை கிலோவாட் லோடுன்னு பாருங்க. ஃபேன் லைட்டுக்குன்னு அந்தக் காலத்துல வாங்குன கனெக்‌ஷனா இருந்தா லோடு ஏத்த எழுதிக் குடுக்கணும், ஆன்லைன்லயே முடியும்.

ஸ்டெப் 2: வோல்டேஜ்

சாயந்திரம் ஏழு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, பகல்ல பாத்துட்டுப் போறதுல பிரயோஜனம் இல்ல, தெருவே ஏசி போடுறது ராத்திரிதான். எங்க தெருவுல 180 வோல்ட்டுக்குக் கீழ இறங்குச்சு, ஏசிக்கு அது பத்தாது. அதைச் சரி பண்ண ஸ்டெபிலைசர் 4,200.

ஸ்டெப் 3: எத்தனை டன்

அம்மா கேட்டாங்க, "ஏன்டா ஒன்றரை டன் வெயிட்டை இந்த சுவத்துல மாட்டுனா வீடு தாங்குமா"ன்னு. சிரிச்சேன், ஆனா அப்புறம் யோசிச்சா எனக்கும் டன்னுன்னா என்னன்னு தெரியல. ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகுறதுக்கு எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதே அளவு சூட்டை ரூம்ல இருந்து வெளிய தள்ளுற சக்தி, அதுதான் ஒரு டன். மெஷின் வெயிட் இல்ல.

கடைக்காரர் நீளம் அகலம் மட்டும்தான் கேப்பார். எங்க ரூம் 12க்கு 13, சாதாரண வீடா இருந்தா ஒன்றரை டன் தாராளம். ஆனா பழைய வீட்டுல உயரம் பன்னெண்டரை அடி! பத்தடி ரூமை விட கால்வாசி காத்து கூட. இதைச் சொன்னதும் உடனே ரெண்டு டன்னை எடுத்து நீட்டுனாங்க. வாங்கல. காரணம், குளிர்ந்த காத்து கீழ இறங்கும், நாம படுக்குறதும் கீழதான். உள் யூனிட்டை உத்தரத்துக்குப் பக்கத்துல மாட்டாம தரையில இருந்து ஏழரை எட்டடியில மாட்டிட்டா மேல இருக்குற சூட்டைப் பத்தி பெருசா கவலைப்பட வேண்டியதில்ல. ஃபில்டர் கழுவவும் ஏணி வேணாம், ஸ்டூல் போதும்.

2025 செப்டம்பர் 22ல இருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆயிடுச்சு, அதனால பழைய விலையை மனசுல வச்சுட்டுப் போகாதீங்க. ராத்திரி மட்டும் ஓடுற ரூமுக்கு 3 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேத்த மாதிரி வேகத்தைக் கூட்டிக் குறைச்சுக்கிறது) எனக்குப் போதும்னு தோணுச்சு, பகலும் ஓடும்னா 5 ஸ்டார் பாருங்க. ஜனவரியில வாங்குனேன், மாட்டுறவங்க அவசரப்படாம வேலை பாத்தாங்க, ஏப்ரல்ல அவங்களைப் பிடிக்கவே முடியாது.

ஸ்டெப் 4: ஓட்டை, பைப், வெளி யூனிட்

மொதல்ல வந்த பையன் சுத்தியலும் உளியும் எடுத்தான், நாலு அடி அடிச்சதுமே தட்டு சைஸுக்குக் காரை உதிர்ந்துச்சு, நிறுத்தச் சொல்லிட்டேன். ஒன்றரை அடி சுவத்துக்கு வட்டமா துளை போடுற கோர் கட்டிங் மெஷின்தான் சரி, ரெண்டு ஓட்டைக்கு 2,400. ஓட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு இருக்கணும், இல்லன்னா ஏசியில இருந்து வடியுற டிரெயின் தண்ணி திரும்பி சுவத்துக்குள்ளயே இறங்கும், சுண்ணாம்புச் சுவர் அதைக் குடிச்சுட்டு ரெண்டு மாசம் கழிச்சு உப்புப் பூத்துக் காட்டும்.

வெளி யூனிட் எங்க வைக்கிறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சோம். ரெண்டு பக்கமும் பொதுச் சுவர், அங்க முடியாது. சன்ஷேடுல வைக்கலாம்னாங்க, அடியில கம்பி துருப்பிடிச்சுத் தெரியுது, அதுமேல 30 கிலோ ஆடுற சாமானை வைக்க எனக்குத் தைரியம் இல்ல. சுவத்துல ஸ்டாண்டு அடிச்சாலும் காரையில போல்ட் லூஸ் ஆகும். கடைசியில மாடியில தரை ஸ்டாண்டு போட்டு, கீழ சுவர் போற இடத்துக்கு நேர் மேல வச்சோம். காப்பர் பைப் கூட 5 மீட்டர், மீட்டர் 900ன்னு 4,500. மாட்டுற கூலி, ஸ்டாண்டு, டிரெயின் பைப் 3,000.

இங்க ஒண்ணு மட்டும் கூடவே நின்னு பாருங்க. பைப் மாட்டுனதும் வேக்கம் பம்ப் போட்டு உள்ள இருக்குற காத்தையும் ஈரத்தையும் இழுக்கணும், பத்து பதினஞ்சு நிமிஷமாவது ஆகும். சில பேர் பம்ப் கொண்டு வராம ஏசிக்குள்ள இருக்குற குளிர்விக்கிற கேஸைக் கொஞ்சம் திறந்து விட்டு "காத்து போயிடுச்சு சார்"னு முடிச்சுடுவாங்க. வேணாம், இப்ப வர்ற ஆர்32 கேஸ் தீப்பிடிக்கக் கூடியது வேற. ஜாயிண்ட்ல எல்லாம் சோப்பு நுரை தடவி குமிழி வருதான்னு பாக்கச் சொல்லுங்க, வந்தா கேஸ் லீக்.

ஸ்டெப் 5: ரூமை அடைக்கிறது

பழைய வீடு காத்து போக வரக் கட்டுனது, ஏசிக்கு அதுதான் எதிரி. மேல ரெண்டு வென்டிலேட்டர், பலகை ஜன்னல் இடுக்கு, கதவுக்கு அடியில கட்டெறும்பு வரிசையா போற அளவுக்கு சந்து. அக்ரிலிக் ஷீட்டு, ரப்பர் பட்டி, 1,800ல முடிஞ்சுது. ஒரு வென்டிலேட்டரை மட்டும் நிரந்தரமா மூடாம திறந்து மூடுற மாதிரி விட்டிருக்கேன், பகல்ல ரூம் மூச்சு விடணும்.

ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. போடல. தேக்குக் கட்டையை மூடிட்டா கரையான் வந்தாலும் தெரியாது, மழையில ஒழுகுனாலும் தெரியாது, என்னிக்காவது மொத்தமாத் தெரியும். அந்தக் காசுல ஒரு சின்னப் பங்கை வச்சு, 3,000க்கு மாடியில வெள்ளை கூல் பெயிண்ட் அடிச்சோம்.

ஸ்டெப் 6: கரண்ட் பில்

எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 280 யூனிட் ஓடிட்டு இருந்துச்சு. ஏசி ராத்திரிக்கு அஞ்சு யூனிட்னு வச்சாலே 300 ஏறுது, 580. தமிழ்நாட்டு ஈபி கணக்குல 500ஐத் தாண்டுனா மேல போற யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல போடுறது மட்டும் இல்ல, 101ல இருந்து 200 வரைக்கும் இருக்குற சலுகை ரேட்டும் கழண்டுடும். அதனால 26ல வச்சு, ஃபேனை மெதுவா சுத்தவிட்டு, விடியக்காலை மூணு மணிக்குத் தானா அணையுற மாதிரி டைமர். அப்படி ஓட்டுனா எங்களுக்கு ராத்திரிக்கு மூணரை யூனிட்ல அடங்குது, மொத்தம் 500க்குள்ள நிக்குது.

டிரெயின்ல ராத்திரிக்கு ஒரு பக்கெட் தண்ணி வருது, அது கிணத்தடி வாழைக்குப் போகுது. காலையில கோலம் போட வாசலுக்குப் போறப்ப அம்மா திண்ணையில நின்னு மீட்டரை எட்டிப் பாக்குறாங்க, "500க்கு இன்னும் எவ்வளவுடா இருக்கு"ன்னு.