"டி டிரைவ்ல இருக்கு, பயமில்லை": பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடும்போது நடக்கும் தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீடுகளில் இருக்கும் நிறைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏறாது. பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிட்டு, அங்குள்ள எஸ்.பி. ரோட்டின் பழைய கம்ப்யூட்டர் கடைகள் வழியாக ஓசூர் தாண்டி வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் டெஸ்க்டாப்கள் ஒரு பக்கம். பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்கள் இன்னொரு பக்கம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் புதிய தலைமுறை பிராசஸரும் இவற்றில் பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் "லினக்ஸ் போட்டுடலாமா?" என்ற பேச்சு இப்போது அதிகம் காதில் விழுகிறது.

தாராளமாகப் போடலாம். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஓஎஸ், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். நிறுவும் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் நஷ்டமெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்பு செய்யாமல் விட்ட வேலைகளால்தான் வருகிறது.

அதில் பெரிய நஷ்டம் போட்டோக்கள். "தம்பி, கல்யாண போட்டோ எல்லாம் டி டிரைவ்ல இருக்கு, நீ பாட்டுக்குப் போடு" என்று வீட்டில் சொல்வார்கள். விண்டோஸை மறுபடி போடும்போது சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்து வாங்கிய பழக்கம் அது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை நிறுவும்போது 'இரேஸ் டிஸ்க்' என்று ஒரு வழி வரும். பார்க்க அதுதான் சுலபமானது போலத் தெரியும். ஆனால் அது அழிப்பது சி டிரைவை மட்டுமல்ல, டிஸ்க் முழுவதையும். சி, டி, இ என்பதெல்லாம் ஒரே டிஸ்க்கை விண்டோஸ் பிரித்து வைத்துக்கொண்ட பெயர்கள்தான். அந்தப் பொத்தானை அழுத்தினால் மூன்றும் சேர்ந்தே போகும்.

எனவே முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் இருந்தால் நல்லது. சந்தையில் சில நூறு ரூபாய்க்கு '2 டிபி' என்று விற்கும் பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் அதில் ஏராளம். காப்பி ஆனது போலவே காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எதில் எடுத்தாலும் வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பத்துப் பதினைந்து போட்டோவாவது திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த அடி. டி டிரைவை மட்டும் எடுத்துவிட்டு, டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பதை மறப்பவர்களும் உண்டு. அவை இருப்பது சி டிரைவில். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் ஃபான்ட்டுகள் இன்னொன்று. பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய மனுக்கள், கேள்வித்தாள்கள் வீட்டில் இருந்தால் அந்த ஃபான்ட் கோப்புகளையும் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் லினக்ஸில் திறக்கும்போது எழுத்தெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கிலமாகத் தெரியும். யூனிகோடில் அடித்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. தட்டச்சுக்கும் கவலை வேண்டாம். தமிழ்99, டைப்ரைட்டர், ஒலியியல் என்று எல்லா முறையும் லினக்ஸிலேயே கிடைக்கிறது.

அடுத்த தவறு, அந்தக் கம்ப்யூட்டரில் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்காமலே மாற்றுவது. மகனுக்கு யூடியூபும் பாடமும் போதும். அப்பா மாங்காய் மண்டிக் கணக்கை டேலியில் வைத்திருந்தால்? டேலி விண்டோஸில் ஓடுவதற்காகச் செய்தது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயின் போன்ற வழிகளில் ஓட்டிப் பார்க்கலாம் என்பார்கள். தொழில் கணக்கை வைத்து அந்தப் பரிசோதனை வேண்டாம் என்பேன். ஃபோட்டோஷாப்பில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்பவருக்கும் இதே பதில்தான்: அந்த மெஷினில் விண்டோஸ் இருக்கட்டும், வேறு மெஷினை மாற்றுங்கள். எக்ஸெல், வேர்டு அளவில் நிற்பவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் போதும், பக்க அமைப்பு சில இடங்களில் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான்.

பிரிண்டரைக் கட்டாயம் பாருங்கள். நம் ஊர்களில் எங்கும் காணப்படும் கேனான் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பது தலைவலி பிடித்த வேலை. எச்பி லேசர்ஜெட் 1020 பரவாயில்லை, கூடுதலாக ஒரு பிளகின்னை இறக்கிக்கொண்டால் ஓடும்.

இதையெல்லாம் நிறுவாமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. பென் டிரைவில் ஏற்றிய லினக்ஸை நிறுவாமல் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். நீங்களாக எதையும் மாற்றாத வரை டிஸ்க்கை அது தொடாது. லினக்ஸை ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் ஐஎஸ்ஓ கோப்பை பென் டிரைவில் சும்மா காப்பி செய்தால் பூட் ஆகாது, அதாவது மெஷின் அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ், எட்சர் மாதிரி ஒரு கருவியால்தான் எழுத வேண்டும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். அப்புறம் மெஷினை ஆன் செய்ததும் டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து பூட் செய்வது என்று கேட்கும்.

டெஸ்க்டாப் வந்ததும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல் ஒரு மாலை நேரத்தை அதிலேயே கழியுங்கள். சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, லேப்டாப்பை மூடித் திறந்தால் எழுகிறதா, பிரிண்டர் ஓடுகிறதா? சில பழைய பிராட்காம் வைஃபை சிப்களுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டிவரும். வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது என்று முழிக்க வேண்டாம். ஃபோனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும். அங்கேயே 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையையும் பாருங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் எந்த ஓஎஸ் போட்டும் பயனில்லை. வேகத்தை மட்டும் இப்போது எடை போடாதீர்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும்.

எந்த லினக்ஸ் என்ற கேள்விக்கு இரவெல்லாம் வீடியோ பார்க்கத் தேவையில்லை. 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஹேக்கிங் வீடியோ பார்த்துவிட்டு காளி லினக்ஸை வீட்டு கம்ப்யூட்டரில் ஏற்றும் கல்லூரித் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களின் கருவிப்பெட்டி, அம்மா மின்கட்டணம் கட்டுவதற்கு அல்ல.

32 பிட்டா 64 பிட்டா என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். மின்ட்டின் முக்கியப் பதிப்புகள் 2020-லிருந்து 64 பிட் மட்டுமே. 2 ஜிபி ரேம் மெஷின்களில் 64 பிட் பிராசஸர் இருந்தும் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள். சிஸ்டம் விவரத்தில் 'எக்ஸ்64 பிராசஸர்' என்று இருந்தால் பிரச்சினை இல்லை.

ஆனால் 2 ஜிபி ரேமில் லினக்ஸ் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓஎஸ் இலேசாகலாம், குரோம் இலேசாகாது. நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். ரேமை 4 அல்லது 8 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டி போட்டால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். இதில் இன்னொரு வசதியும் உண்டு: பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே பத்திரமாக வைத்துவிடலாம், விண்டோஸும் போட்டோக்களும் அதிலேயே இருக்கும். செலவு செய்ய முடிந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுபவர்கள் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக ஷட்டவுன் ஆகாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் நிறுவ உட்காராதீர்கள். டிஸ்க்கைப் பிரிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் இரண்டு ஓஎஸ்ஸும் இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

எல்லாம் முடிந்து, நெட்டும் வந்து, எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்றால் லினக்ஸைத் திட்டுவதற்கு முன் மூலையில் தேதியைப் பாருங்கள். 2010 என்றோ 2012 என்றோ காட்டினால் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தப்பாக இருந்தால் அப்டேட்கூட இறங்காது. சிஆர்2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.