ஹோவர்ட் வம்சத்தைப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தில் அரச குடும்பத்தைச் சேராத டியூக்குகளில் (பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம் இது) முதல் இடம் நார்ஃபோக் டியூக்குக்குத்தான். 1483-இல் ஜான் ஹோவர்டுக்குக் கிடைத்த பட்டம் அது. பட்டத்தின் பெயரை நம்பி கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இவர்களுடைய கோட்டையைத் தேடாதீர்கள். இவர்கள் இருப்பது தெற்கே, வெஸ்ட் சஸெக்ஸின் அருண்டெல் கோட்டையில். யார்க்‌ஷயரின் காசில் ஹோவர்டும் இவர்களுடையது அல்ல, ஹோவர்ட் வம்சத்தின் இன்னொரு பிரிவான கார்லைல் கிளையினர் கட்டிய மாளிகை அது.

பலர் செய்கிற பெரிய தவறு, அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று ஆண்வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போவது. நார்ஃபோக் பட்டம் முதலில் மோப்ரே குடும்பத்தினுடையது. ஜான் ஹோவர்டின் தாய் மார்கரெட் அந்த வீட்டுப் பெண். அருண்டெல் வந்ததும் பெண்வழியில்தான்: நான்காம் டியூக் அருண்டெல் பிரபுவின் மகள் மேரி ஃபிட்ஸாலனை மணந்தார், தாத்தாவின் சொத்து பேரன் பிலிப்புக்குச் சேர்ந்தது. எட்டாம் ஹென்றி மணந்து, பிறகு தலையை வெட்டவைத்த ஆன் போலின், கேத்ரின் ஹோவர்ட் இருவரில் ஒருவருடைய பெயரில்தான் ஹோவர்ட் இருக்கிறது. ஆனால் ஆனின் தாய் எலிசபெத், மூன்றாம் டியூக்கின் சகோதரி. கேத்ரினின் தந்தை எட்மண்ட், அவருடைய தம்பி. 1536-இல் ஆனை விசாரித்த மன்றத்துக்குத் தலைமை வகித்து மரண தண்டனையைப் படித்தவர், சொந்தத் தாய்மாமனான அந்த மூன்றாம் டியூக்தான்!

அப்புறம், பெயர்க் குழப்பம். இரண்டாவது முதல் ஐந்தாவது வரை நான்கு டியூக்குகளுமே தாமஸ் ஹோவர்ட்தான். எத்தனையாவது டியூக், எந்த ஆண்டு என்று குறிக்காமல் 'தாமஸ் ஹோவர்ட்' என்று மட்டும் எழுதி வைத்தால் பிறகு உங்களுக்கே புரியாது. எண்கள் அடுத்தடுத்து வருவதால் பட்டமும் அறுபடாமல் வந்ததாக நினைப்பது இன்னொரு பிசகு. 1485-இல் பாஸ்வொர்த் போரில் ஜான் மாண்டார், தோற்ற பக்கம் நின்றதால் பட்டம் பறிபோனது. மகன் தாமஸ் ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்துப் படையை முறியடித்த பிறகு, 1514-இல்தான் அது அவருக்குத் திரும்பியது. 1547 ஜனவரியில் மூன்றாம் டியூக்கின் மகன் சர்ரே பிரபுவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தந்தைக்கும் நாள் குறித்தாயிற்று. அதற்குள் மன்னர் எட்டாம் ஹென்றி இறந்துபோனதால் கிழவர் தப்பினார். ஆக, நான்காவது டியூக் மூன்றாமவருக்கு மகன் அல்ல, பேரன். அவருடைய தலையும் 1572-இல் போனது. ஐந்தாவது டியூக் வந்தது 1660-இல்!

'என்றைக்கும் கத்தோலிக்கக் குடும்பம்' என்பதும் பாதிதான் சரி. நான்காம் டியூக் புராட்டஸ்டன்ட். அவர் மகன் பிலிப் வளர்ந்த பிறகு கத்தோலிக்கராகி, 1595-இல் லண்டன் டவர் சிறையிலேயே இறந்தார்; 1970-இல் புனிதர் பட்டம் பெற்றார். பதினோராம் டியூக்கோ இங்கிலாந்தின் அரசு சபையான ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்துவிட்டார்.

செல்வாக்கு என்றதும் அரசியல் அதிகாரத்தை மட்டும் எடைபோடுவதும் சரியாக வராது. 1672 முதல், பெரிய அரச விழாக்களை ஏற்பாடு செய்யும் 'ஏர்ல் மார்ஷல்' பதவி இவர்களுக்குப் பரம்பரை உரிமை. 1999-இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவையிலிருந்து வெளியேற்றிய சட்டமும் இந்தப் பதவிக்கு விலக்கு தந்தது. 2022-இல் இரண்டாம் எலிசபெத்தின் இறுதிச் சடங்கையும், 2023-இல் ஆங்கிலிக்கன் முறைப்படி நடந்த மூன்றாம் சார்லஸின் முடிசூட்டையும் ஏற்பாடு செய்யும் பொறுப்பு, கத்தோலிக்கரான பதினெட்டாம் டியூக்கிடம் இருந்தது.