சிங்க் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறதா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான், பாத்திரம் கழுவுவதெல்லாம் போர் தண்ணீரில். அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை சிங்க் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும், இல்லையென்றால் நாலாபக்கமும் சிதறி அடிக்கும். உடனே புதுக் குழாய் வாங்கிவிடாதீர்கள். குழாய் நுனியில் திருகி மாட்டியிருக்கும் சின்னச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள், அதில்தான் பெரும்பாலும் உப்பு அடைத்திருக்கும்.

முதலில் சிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள், சல்லடைக்கு மேலே இருக்கும் ரப்பர் வளையம் உள்ளே விழுந்தால் பெரிய பாடு. கையால் கழலாவிட்டால் நுனியில் துணி சுற்றி அதன் மேல் பிளையர் போடுங்கள், வெறும் பிளையர் பட்டால் கோடு விழுந்துவிடும்.

ரப்பரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சல்லடையை ஒரு டம்ளர் வினிகரில் போடுங்கள். போட்டதுமே பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும், சுண்ணாம்பு கரைவது அப்படியே கண்ணுக்குத் தெரியும். வினிகர் இல்லையா, எலுமிச்சைச் சாறும் சரி. ஒரு மணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லா ஓட்டையும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கழிவறை ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம், குரோம் பூச்சை அரித்துவிடும்.

மாட்டுவதற்கு முன் குழாயை ஒரு நிமிடம் திறந்துவிடுங்கள், உள்ளே தங்கிய மணல் வந்துவிடும். அப்புறம் ரப்பரை வைத்துக் கையாலேயே இறுக்கினால் போதும்.