ஆட்டோபைலட் வழிமாறியது: குற்றவாளி கொண்டைக்கடலை டின்

கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்குப் பாய்மரப் படகில் சுமார் 2,700 கடல் மைல். கணவன் மனைவி இரண்டே பேர் என்றால், படகைத் தானாகவே திசைமாறாமல் செலுத்தும் ஆட்டோபைலட்தான் மூன்றாவது ஆள். அது இல்லாமல் மூன்று வாரம் மாறி மாறிச் சுக்கான் பிடிக்க முடியாது.

சாமான் ஏற்றிய பிறகு விட்ட வெள்ளோட்டத்தில் படகு பாம்பாக நெளிந்தது. சுக்கானைத் திருப்பும் ஹைட்ராலிக் எண்ணெயில் காற்று இருக்குமோ என்று வெளியேற்றினேன். சுக்கான் சென்சாரின் இணைப்பை இறுக்கினேன். ஆட்டோபைலட் சுக்கானை எவ்வளவு வேகமாகத் திருப்ப வேண்டும் என்ற அளவை (கெயின்) குறைத்தேன். மெக்கானிக் ஒருவர் மோட்டாரையே மாற்றச் சொன்னார். நான்கு நாள் வீண்.

கவனிக்க வேண்டியது இது: மேற்கே திருப்பினால் ஆட்டோபைலட் காட்டும் திசையில் பிழை 3 டிகிரி, தெற்கே திருப்பினால் 20. மோட்டார் கோளாறு திசை பார்த்து வராது. கைக்காம்பஸை வைத்து 45 டிகிரிக்கு ஒரு முறை ஒப்பிட்டு எழுதியதும் புரிந்தது. ஆட்டோபைலட்டுக்குத் திசை சொல்லும் மின்னணு காம்பஸ் (ஃப்ளக்ஸ்கேட்) இருக்கைக்குப் பின்புறப் பலகையில். பலகைக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், நாங்கள் அடுக்கிய 60 கொண்டைக்கடலை, சூரை டின்கள். எல்லாம் இரும்புத் தகரம். படகு சாயும்போது டின்கள் உருண்டதால் பிழையும் கூடிக் குறைந்தது.

டின்களை ஒன்றரை மீட்டர் தள்ளி மாற்றினேன். அந்த இடத்தில் இப்போது பாஸ்தாவும் அரிசியும். அலையில்லாத நீரில், சுற்றுக்கு இரண்டு நிமிடமாக, இரண்டு வட்டம் அடித்துக் காம்பஸை மறுபடி அளவுதிருத்தினேன். பிழை எந்தத் திசையிலும் 2 டிகிரியைத் தாண்டவில்லை. அலுமினிய பீர் கேன்களை எங்கே வைத்தாலும் பாதகமில்லை. காந்தம் உள்ள ஸ்பீக்கரை மட்டும் காம்பஸிடம் அண்டவிடக் கூடாது.